மார்சியாஸின் முகம்

செப்புத் தகட்டில் கோவார்ட் செதுக்கியபோது அந்த வாய் மூடித்தான் இருந்தது. அச்சில் திறந்திருந்தது.

டிக்னா ஈரத்தாளை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தாள். குழலூதுவதில் அப்போலோ தேவனுக்குச் சவால்விட்டுத் தோற்ற மார்சியாஸ், மரத்தில் தலைகீழாகத் தொங்கினான்; அவனை உயிரோடு தோலுரிக்க வந்த தேவனின் கத்தி இப்போதுதான் தோளைத் தொட்டிருந்தது. வெளியே ஆண்ட்வெர்ப்பின் தெருக்களை ஆற்றிலிருந்து வந்த மூடுபனி பிற்பகலிலேயே விழுங்கியிருக்க, உள்ளே ஆளிவிதை எண்ணெயும் கரியும் கலந்த மைவாடையை மீறிக்கொண்டு பச்சை இறைச்சியின் வாடை அடித்தது.

"கோவார்ட், இங்க வந்து பாரு. இவன் கத்துறான்."

கணவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "மையை ஒழுங்காத் துடைக்காம என்னைக் குத்தம் சொல்றியா? இன்னொண்ணு போடு."

"அந்தத் திருடனோட மூஞ்சி வேணாம்னு அப்பவே சொன்னேன். சந்தைத் திடல்ல சவுக்கடி பட்டுச் சாகுறப்போ, தண்ணி குடுன்னு உன்னைப் பார்த்துத்தானே கெஞ்சினான்?"

"வரையுறேன், அசையாம இருடான்னேன். இருந்தான். அதான் மூஞ்சி இவ்வளவு அம்சமா வந்திருக்கு."

சிரித்தபடியே பின்னறைக்குப் போனான்.

டிக்னா தகட்டில் மறுபடி மை தடவி, மிச்சத்தை உள்ளங்கையால் வழித்தாள். இந்தக் குளிரில் செம்பு சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரனின் முதுகைப்போல. தாளை வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, அச்சு எந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றினாள். உருளை முனகியது. சக்கரத்தை நிறுத்தினாள்.

முனகல் நிற்கவில்லை.

கம்பளிக்கு அடியிலிருந்து வந்தது. பிறகு பின்னறையிலிருந்தும்.

கம்பளியை விலக்கினாள். தாளை உரித்தெடுத்தாள். கத்தி கீழே இறங்கியிருந்தது. மார்சியாஸின் உடம்பில் தோலே இல்லை. முகம் மட்டும் மிச்சம்.

திருடனின் முகமில்லை.

"கோவார்ட்?"

பின்னறைக் கதவைத் தள்ளினாள். காயப்போட்ட தாள்கள், கொடி முழுக்க, வெள்ளை வெள்ளையாக. நடுவில் ஒன்று மட்டும் தாளில்லை. கனமாகத் தொங்கியது. ஓரத்தில் ஐந்து விரல்கள், உள்ளே ஒன்றுமில்லாமல், உறைபோல.

அதன் பின்னால் யாரோ நின்றார்கள். தரையில் இரண்டு சிவந்த பாதங்கள்.

"டிக்னா," என்றது கணவனின் குரல். "ரொம்பக் குளிருதுடி. அதை எடுத்துக் குடு."