பனிநாட்டு ராணியின் அங்கி

ஐலி கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டினாள். அங்கி முடிந்தது.

பழைய படுக்கை விரிப்பில் தைத்த வெள்ளை அங்கி. கழுத்தைச் சுற்றி, கிறிஸ்துமஸ் மரத்தடியில் பனிபோலப் பரப்பும் பஞ்சு. மிச்சத் துணி முழுவதையும் பனிப்பூக்களாக வெட்டி ஒட்டியிருந்தாள். கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையில் அலுமினியத் தாள் சுற்றிய கிரீடமும் தயார்.

பதினொரு வயதில் அவள் தனியாகத் தைத்த முதல் உடை அது. அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீனுக்கு ஒவ்வொரு வருடமும் அம்மாதான் தைப்பாள். இந்த வருடம் அம்மா மாடி அறையை விட்டு வருவதே இல்லை. ஜூலையில் தம்பி பிறந்தான். அர்வோ என்று பெயர் வைத்தார்கள். நான்கு நாள்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு ஐந்து வயதுத் தங்கை மிர்யா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, நான் பனிநாட்டு ராணியா போகணும்."

"வா, போட்டுப் பாக்கலாம்," என்று ஐலி கூப்பிட்டாள்.

மிர்யா தொப் தொப்பென்று நடந்து வந்தாள். தலை முதல் கால் வரை தடித்த பனி உடுப்பு. வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கி தோளில் ஏறியது. இடுப்பில் நின்றுவிட்டது. ஐலி இழுத்தாள். பக்கத் தையல் படக்கென்று தெறித்தது.

"சின்னதா தச்சுட்டியா?"

ஐலிக்கு முகம் சூடானது. மிர்யாவை இரவு உடையில் நிற்கவைத்து அளவெடுத்திருந்தாள். மினசோட்டா மாநிலத்தின் இந்த வடக்கு மூலையில், ஹாலோவீன் உடை என்றால் பனி உடுப்புக்கு மேலே போடுவதுதான். எப்படி மறந்தாள்?

"பனி உடுப்பக் கழட்டிடவா?" என்றாள் மிர்யா.

"மூணாவது வீடு போறதுக்குள்ள ஐஸ்கட்டி ஆயிடுவ."

"அங்கிய உள்ள போட்டுக்கவா?"

"அப்ப நீ ராணின்னு யாருக்குத் தெரியும்?"

மிர்யா தெறித்த தையலைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மாவா இருந்தா பெருசா தச்சிருப்பா."

ஐலி அங்கியைக் கழற்றி விரித்துப் பார்த்தாள். பக்கங்களைப் பிரித்து, இடையில் துணி வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் மீதியிருந்த விரிப்புகள் எல்லாம் பழுப்பு. ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"பழுப்பா? நான் என்ன சேத்து ராணியா?"

வெள்ளைத் துணி இன்னும் ஒன்றுதான் இருந்தது. மாடியில் தம்பியின் அலமாரி. கீழ் இழுப்பறையில், ஓரத்தில் மஞ்சள் வாத்துகள் போட்ட போர்வை.

ஐலி மேலே போய் இழுப்பறையில் கை வைத்தாள். எடுத்தால் யாருக்கும் தெரியாது. அப்பா சுரங்க வேலைக்குப் போயிருந்தார். அம்மா இதைத் திறப்பதே இல்லை.

கையை எடுத்துக்கொண்டு, போய் அம்மாவின் கதவைத் தட்டினாள்.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. மிர்யா அங்கி பத்தல. வெள்ளைத் துணி தேவைப்படுது. அர்வோவோட போர்வைதான் இருக்கு."

அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மா அசையவில்லை. ஐலி மெல்லத் திரும்பினாள்.

"பனி உடுப்பு மேல வச்சு அளக்கலயா?" அம்மாவின் குரல் கரகரத்தது.

"மறந்துட்டேன்."

"இந்த ஊர்ல பொறந்துட்டு இத மறக்கலாமா?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அலமாரி வரை நடந்து, போர்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். ஐலிக்கு, கேட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றியது.

அம்மா போர்வையை அவள் கையில் கொடுத்தாள். "நீ வெட்டு. என்னால முடியாது. தச்சுத் தரேன்."

ஐலி வெட்டினாள். அம்மா தைத்தாள். இடையில் இரண்டு முறை ஊசியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மிர்யா மட்டும் கைகளை விரித்தபடி சிலைபோல நின்றாள்.

"பனிநாட்டுல வாத்து இருக்குமா?"

"ராணி சொன்னா இருக்கும்," என்றாள் ஐலி.

இருட்டும் நேரத்தில் மூவரும் கிளம்பினார்கள். அம்மா அப்பாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, முதல் வீட்டின் வாசல் பாதை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டாள். அதற்குமேல் வரவில்லை.

பக்கத்து வீட்டு மிஸஸ் கோஸ்கி கதவைத் திறந்தார். "அட, ராணியம்மாவா? யாரு தச்சது?"

"அக்கா வெட்டினா. அம்மா தச்சா. நான் ஆடாம நின்னேன்." மிர்யா பக்கவாட்டில் இருந்த வாத்துகளைத் தொட்டுக் காட்டினாள். "இது அர்வோ குடுத்தது."

மிஸஸ் கோஸ்கி பாதையின் முனையைப் பார்த்தார். பனியில் நின்ற அம்மா கையை லேசாக உயர்த்தினாள்.

அவர் மிர்யா நீட்டிய மிட்டாய் வாளியில் சாக்லேட்டைப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் நின்று, இன்னும் ஒன்று.

மிர்யா வாளிக்குள் எட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்: அக்கா, அம்மா, நான், அர்வோ. கணக்கு சரியாக இருந்தது.