பதில் சொல்லாத தொழுகை

ஒரு மாதத்துக்குப் பிறகு ஸனா விடுதிக்குத் திரும்பிய பகலில், பண்டாரவளை மலைகளை மூடுபனி விழுங்கியிருந்தது. வாப்பாவின் த்ரீவீல் அவளை மத்ரஸா கேட்டில் இறக்கிவிட்டுத் தேயிலைக்குள் மறைந்தது. மற்றப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை.

லரீபா டீச்சர் அவள் கன்னத்தைத் தடவினார். "நீங்க தொழுதுக்கிட்டு இருந்தீங்க மகள். உங்க மேல என்ன குத்தம்?"

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரு மாதத்துக்கு முந்தைய அந்த நாளில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவளோடு விடுதியில் தங்கியிருந்த நஸ்மியா கதவருகே வந்து, "ஸனா, பீலி வரைக்கும் வாயேன், தனியாப் போகப் பயமா இருக்கு" என்று கூப்பிட்டாள். குளிரில் மலைச்சரிவு ஊற்று வரை போக ஸனாவுக்குச் சோம்பல். சட்டென்று கையைக் கட்டி, தொழுபவள்போல் நின்றுகொண்டாள். நஸ்மியா சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு வாளியோடு தனியாகப் போனாள். பாசி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தவளை மாலையில் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள்.

இன்று, திரும்பி வந்த பின்னேரம், அஸர் தொழுகை நேரம். தொழுகை அறையில் ஸனா மட்டும்தான். இரண்டாம் ரக்அத்தில் கதவு முனகியது. ஈரக் கால்கள் சிமெந்துத் தரையில் ஒட்டி, ஒட்டிப் பிரியும் சத்தம். பாசி வாடை.

யாரோ அவளை உரசி நின்றார்கள்.

தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. விவரம் தெரிந்த நாள் முதல் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். நாக்கு உலர உலர ஓதினாள். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தாள். பக்கத்தில் இன்னொரு நெற்றி தரையைத் தொட்டது.

எழப் பார்த்தாள்.

முதுகில் ஒரு சில்லிட்ட கை.

"ஸனா," காதோரம் கிசுகிசுப்பு. "இப்பவும் தொழுறியா?"

"அன்னைக்கு நான் தொழல," ஸனா விம்மினாள். "நடிச்சேன்."

கை விலகியது. அவள் ஓடிப்போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நஸ்மியாவோட உம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நாளைக்கு நானும் வாறேன்."

ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது.

அந்தி மஃரிப் தொழுகைக்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வரிசை கட்டும்போது, அன்றுதான் புதிதாகச் சேர்ந்த ஷாகிரா, ஸனாவிடமிருந்து ஓர் ஆள் இடம் விட்டு நின்றாள்.

"இடைவெளி விடாம நெருங்கி நில்லுங்க ஷாகிரா," என்றார் டீச்சர்.

ஷாகிரா அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"நடுவுல நிக்கிறவங்க நகர மாட்டேங்கிறாங்க டீச்சர்."