எல்லா அறைக்கும் ஒரே பெயர்

சரிதாவின் கைப்பேசிச் செயலி காட்டிய, வீட்டு வைஃபையில் இணைந்திருந்த கருவிகளின் பட்டியலில், யாருடையதென்றே தெரியாத ஒரு கைப்பேசி இருந்தது. சரிதா அதை நீக்கினாள். மீண்டும் வந்தது. அவளுக்குச் சினம் தலைக்கேறியது. ஜூஜுவாடி அடுக்ககத்தில் மேல்வீட்டார் தண்ணீரை மட்டுமே திருடுவார்கள் என்று எண்ணியிருந்தாள்.

கணவன் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தான். மகள் பிரியா காய்ச்சலோடு படுக்கையறையில் உறங்கினாள். அவ்வறைக்கு மட்டும் அலை எட்டாதிருந்ததால், அன்று காலைதான் கொழுந்தன் நவீன்குமார் அறைக்கொரு வைஃபை பெட்டி வைத்து, வீடு முழுவதையும் ஒரே வைஃபையாக்கியிருந்தான். ஸ்பீக்கரில் போட்டு அவனை அழைத்தாள்.

"புதுப் பேரு வைய்யின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, வெச்சியாடா?"

"இல்ல அண்ணி... பழைய பேரு, பாஸ்வேர்டையே எல்லா ரூமுக்கும் போட்டுட்டேன். டீவிக்கெல்லாம் மறுபடி போடணுமேன்னு..."

"சோம்பேறி! அது முன்ன இந்த வீட்டுல குடியிருந்த ராமப்பன் வெச்ச பேருடா; அவரு கனெக்ஷனத்தான நாம அப்படியே எடுத்துக்கிட்டோம். செத்த மனுஷன் பேரு!"

"அப்ப அவரு போன்தான் கனெக்ட் ஆயிருக்கும்," என்று சிரித்தவன், சட்டென நிறுத்தினான். "ஆனா அண்ணி, ஆசையா வெச்சிருந்தாருன்னு, அந்தப் போனையும் அவரோட குழியில வெச்சுப் பொதச்சாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரே."

திரையில் அந்தக் கைப்பேசிக்கு நேரே, அது எந்த அறைப் பெட்டியோடு இணைந்திருக்கிறதென்று காட்டும் இடத்தில், 'ஸ்டோர் ரூம்' என்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது 'சமையலறை' ஆயிற்று. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலுக்கு அடியில், ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோன்ற மெல்லிய ஓசையொன்று எழுந்து, தோண்டிய செம்மண்ணின் வாடையைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு, அவள் நின்ற பக்கமாகவே வந்தது.

'ஹால்.'

அவள் ஹாலில்தான் நின்றிருந்தாள்.

"எவண்டா என் வீட்டுக்குள்ள!" என்று சீறினாள். "நவீனு, எல்லாத்தையும் மாத்தணும். எப்படின்னு சொல்லித் தொலடா!"

அவன் சொல்லச் சொல்ல, திரையில் தட்டினாள்.

"பாஸ்வேர்டு என்ன போடறீங்க அண்ணி?"

"எம் மக பேரும் எம் பேரும்! எவன் வர்றான்னு பாக்கறேன்!" வீடதிரக் கத்தினாள்.

அந்தக் கைப்பேசி மறைந்தது. ஓசை நின்றது. வாடை மட்டும் போகவில்லை.

அப்போது படுக்கையறையிலிருந்து பிரியாவின் குரல் கேட்டது. யாருக்கோ பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் குரல்.

"பி... ஆர்... ஐ... ஒய்... ஏ. அது என் பேரு. அப்புறம் அம்மா பேரு, தாத்தா. அதுவும் சொல்றேன்."

சரிதா ஓடினாள். கையிலிருந்த திரை ஒளிர்ந்தது.

'படுக்கையறை.'

கதவைத் தள்ளினாள். கட்டிலின் விளிம்பில் பிரியா அமர்ந்திருந்தாள். அவளருகே மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது. அப்பள்ளத்துள் ஈரமண் சரிந்துகொண்டிருந்தது. குழந்தையின் கன்னம், ஒன்றுமேயில்லாத வெளியில், விழாமல் சாய்ந்திருந்தது.