மீன் சாகாத தண்ணீர்

தொட்டியில் ஒரு மீன்கூடச் செத்திருக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

தங்கையின் பிரசவத்துக்காக மாதக்கணக்கில் விடுப்பில் போயிருந்தவள், பேருந்தை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், மூடி போட்ட பிளாஸ்டிக் கேனோடு நேராக நீரேற்று நிலையத்துக்கு வந்திருந்தாள். கேனில் தங்கை ஊர் வாய்க்காலில் பிடித்த மீன்கள். அவள் வீடிருந்த ஊழியர் குடியிருப்பு, நிலையத்துக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மகளைப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் கேனுக்குள் மீன் அதிக நேரம் தாங்காது. தொட்டியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

ஆற்றிலிருந்து ஊருக்குப் போகும் தண்ணீரில் ஒரு சிறு கிளை நிலையத்து அறையின் கண்ணாடித் தொட்டிகள் வழியாக ஓடும். ஆற்றின் மேல்பக்கத்து ஆலைகள் கழிவைத் திறந்துவிட்டால், ஊருக்கு முன்னால் மீனுக்குத் தெரிந்துவிடும். மேலே வந்து வாயைப் பிளக்கும், ஒருக்களித்து மிதக்கும். பக்கத்துத் தொட்டியில் ஆகாயத் தாமரையின் வேர் கறுத்து உதிரும். இரண்டையும் பார்த்து, ஊருக்குப் போகும் வால்வை மூடுவது அவள் வேலை. இத்தனை வருஷத்தில் அரைக் கிலோ மீன் விற்றதில்லை. ஆனாலும் நிலையத்தில் அவள் பெயர் மீன்காரம்மா.

மழை கட்டி நின்ற சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பழுப்பேறிக் கிடந்தது. அறைக்குள் நனைந்த தீக்குச்சியை நசுக்கியதுபோல ஒரு வாடை. மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்கின் அடியில் துருவாகப் படிந்தது. அந்த வாடையில் பாதி வந்தாலே முன்பெல்லாம் தொட்டி முழுக்க வெள்ளை வயிறாக மிதக்கும். இன்றைக்கு மீன்கள் கொழுகொழுவென்று, தண்ணீர் விழும் குழாயின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி முட்டிக்கொண்டிருந்தன. சின்னக் குழந்தைகள் பால் குடிக்கும் சத்தம்போல ஒரு சப்சப்பு, மோட்டாரின் இரைச்சலுக்கு அடியில் விடாமல் கேட்டது. ஆகாயத் தாமரையின் வேர்கள் கறுக்கவில்லை. வெள்ளை வெளேரென்று நீண்டு, தொட்டியின் விளிம்பைத் தாண்டி, குழாய்க்குள்ளேயே நுழைந்திருந்தன.

"வா மீன்காரம்மா."

மோட்டார் ஓட்டுபவர் வாசலில் நின்றிருந்தார். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ அண்ணன் என்று பெயர். இன்றைக்கு அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"என்னண்ணே, ரேடியோவுல சத்தத்தயே காணோம்? பேட்டரி தீந்துபோச்சா?"

அவர் சிரிக்கவில்லை. தொட்டிக் குழாயில் சொம்பைப் பிடித்து, வாய் வைத்துக் குடித்தார். மறுபடி பிடித்தார். மறுபடி குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நிறுத்தவேயில்லை. கழுத்திலும் கையிலும் தோல் ஈரமாக மினுங்கியது.

"அண்ணே, அதப் போயி குடிக்கிறீங்களே! வாடை குடலப் புரட்டுது."

"வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"மீனெல்லாம் எப்படி இப்படி?"

"இப்ப எதுவும் சாகறதில்ல. நீதானே சொல்லிட்டுப் போன, தாக்குப்பிடிக்கறத மட்டும் வெச்சு குஞ்சு எடுங்க, ஒவ்வொரு தடவையும் வெளிய போயி பிடிக்க முடியாதுன்னு? அதுங்களோட குஞ்சுதான் எல்லாம். செத்தா வால்வ மூடணும். மூடினா ஊரே போன் போட்டுத் திட்டும். நீ போனதுலேருந்து ஒரு நாள்கூட மூடல. நிம்மதி."

அலைச்சல் மிச்சமாகும் என்று போகிற போக்கில் அவள் சொன்ன பேச்சு. விஷத்தைத் தாங்கியதைப் பொறுக்கி, அதன் குஞ்சைப் பொறுக்கி, அதிலும் தாங்கியதைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். இது எச்சரிக்கிற மீன் இல்லை. பழகிப்போன மீன்.

கேனைத் திறந்து வாய்க்கால் மீன் ஒன்றைத் தொட்டியில் விட்டாள். அது ஒரு வட்டம்கூடப் போடவில்லை. வில்லாக வளைந்தது, விறைத்தது, திரும்பி மிதந்தது. மற்ற மீன்கள் அதைச் சீண்டவில்லை. அவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"குட்டி எப்படியிருக்கா?"

"அவளுக்கென்ன, ராசாத்தியாட்டம் இருக்கா. சோறுதான் எறங்க மாட்டேங்குது. தண்ணி மட்டும் குடம் குடமா உள்ள போகுது."

"குழாய்த் தண்ணியா?"

"வேற எது? நானும் அதத்தான் குடிக்கிறேன்." பின்னால் தண்ணீர் விழும் சத்தம். "இப்பல்லாம் ரொம்ப இனிப்பா இருக்கு தெரியுமா?"

"குடிக்காதீங்க! அவளயும் குடிக்க விடாதீங்க. கேக்குதா?"

போன் வைக்கப்படவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும்.

வால்வுச் சக்கரத்தை நோக்கிப் போனாள். ரேடியோ அண்ணன் தடுக்கவில்லை. "மூடாதம்மா," என்றார், கெஞ்சுவதுபோல, மிக மெதுவாக. அவள் மூடினாள். முழுப் பலத்தையும் கொடுத்து, இறுகும்வரை. குழாய்கள் முனகின. தொட்டியில் விழுந்த தண்ணீர் நூலாக மெலிந்தது. நின்றது.

ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு ஒரு மூச்சு நேரம் இருந்தது.

பிறகு தொட்டியில் ஏதோ தெறித்தது.

மீன்கள் மேலே வந்திருந்தன. எல்லா மீன்களும். வாயைப் பிளந்து, செவுள் விரிந்து, உலர்ந்த குழாயை மோதிக்கொண்டிருந்தன. நல்ல தண்ணீர் கிடைத்தால் தேறும் என்று நினைத்து, ஒன்றை அள்ளிக் கேனுக்குள் போட்டாள். தெளிந்த வாய்க்கால் தண்ணீர். அதன் நடுவே அது ஒருமுறை உதறியது. செவுளிலிருந்து ரத்தம் இழையாகக் கிளம்பியது. செத்துப்போனது.

அவள் கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். புரிந்தது. புரிய வேண்டாம் என்று இருந்தது.

துண்டிக்காமல் வைத்திருந்த போனில் குரல் வந்தது. மகளின் குரல்.

"அம்மா... குழாய்ல... வரல."

வார்த்தைக்கு வார்த்தை இழுப்பு.

"குட்டி! இரு, இரு, அம்மா தொறந்துடறேன். தங்கமே, கொஞ்சம் பொறுத்துக்க!"

"மூச்சு... மா..."

சக்கரத்தைத் திருப்பினாள். திருப்பியது கை என்றே தெரியவில்லை. மோட்டார் இருமியது, அதிர்ந்தது, நின்றுபோனது. குழாயில் வெறும் காற்று சீறியது. "அண்ணே! மோட்டாரப் போடுங்க! அண்ணே!"

வாசலில் யாரும் இல்லை. சொம்பு தரையில் உருண்டு கிடந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரேடியோ அண்ணன் ஆற்றுப் படித்துறையில் இறங்கிக்கொண்டிருந்தார், சட்டையைக்கூடக் கழற்றாமல். முழங்கால். இடுப்பு. தலை. அவருக்குப் பின்னால், குடியிருப்பிலிருந்து, தெருவிலிருந்து, கடைகளிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. மூச்சுக்குத் திணறும் சத்தம் மட்டும், பெரிய துருத்தி ஒன்று ஊதுவதுபோல. கூட்டத்தில் அவள் கணவன். அவன் கையில் குட்டி.

ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. அவள் படியை எட்டுவதற்குள் இருவரும் கழுத்தளவு போயிருந்தார்கள். தண்ணீரில் பாய்ந்தாள். வாடை முகத்தில் அறைந்தது. தோல் எரிந்தது. கணவனின் தலை அமிழ்ந்து மறைந்தது. அவள் கைக்கு மகளின் மணிக்கட்டு மட்டும் அகப்பட்டது.

இழுத்தாள். குழந்தையின் முகம் மேலே வந்தது. நீலம். வாய் பிளந்து, கண் பிதுங்கி, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. அவள் பிடி தளர்ந்தது. முகம் கீழே போனது. இழுப்பு நின்றது.

மறுபடி தூக்கினாள். மறுபடி நீலம்.

மழை விழத் தொடங்கியது. ஆற்றின்மேல் ஒரு தலைகூட இல்லை. அவள் மார்பளவு தண்ணீரில், எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்து நின்றாள். அடியில், மங்கிய பச்சைக்குள், முடி விரிய அவள் மகள் படுத்திருந்தாள். கன்னத்தில் சிவப்பு திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளைச் சுற்றி, கண்ணுக்கு எட்டிய ஆழம்வரை, வரிசை வரிசையாக முகங்கள்.

பிடித்த மணிக்கட்டில், விரல்களுக்கு அடியில், நாடி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.