மூன்றாவது கட்டை

பெட்டியைத் திறந்ததும் பன்னிரண்டு கான்கிரீட் கட்டைகளில் பதினொன்று உறைபனி பூத்து வெளுத்துக் கிடக்க, மூன்றாவது மட்டும் ஈரமாகக் கறுத்திருந்ததைப் பார்த்து என்ஜினீயர் ராஜாராமுக்கு வந்தது பயமல்ல, எரிச்சல்.

ஐம்பத்து நாலாம் வருஷம், மார்கழிக் காலை. போடிமெட்டுப் பாதையில் வரப்போகும் பாலத்தின் கான்கிரீட் மலைக்குளிரைத் தாங்குமா என்று பார்க்க மதராஸிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். கட்டைகளை ஐசும் உப்பும் நிரப்பிய தகரப்பெட்டியில் உறையவைத்து, பிறகு தண்ணீரில் போட்டு இளகவைக்க வேண்டும். ஐம்பது தடவை. இது முப்பத்தொன்று.

"மூணாவதுக்கு ஐஸ் வைக்கலையா?"

தண்ணீர் சுமக்கும் சுருளியம்மாள் தலை நிமிரவில்லை. "வச்சேன் சார். நிக்க மாட்டேங்குது. அந்தக் கட்டை வெதுவெதுன்னு இருக்கு."

"ஐஸைத் தின்னுட்டுக் கதை சொல்றியா?"

"நேத்து தொட்டுப் பாத்தேன் சார். உள்ள என்னமோ அசையுது. நீங்க தொடாதீங்க."

கையெழுத்துப் போடத் தெரியாதவள் தனக்குக் கான்கிரீட் பாடம் எடுக்கிறாள். பதில் சொல்வதே கேவலம் என்று அவர் சுத்தியலை எடுத்தார். முதல் கட்டை கணீரென்றது. இரண்டாவதும். மூன்றாவது, சதையில் அடித்ததுபோல் மொத்தென்றது. மேஸ்திரிப் பயல் மண்ணைக் கலந்திருப்பான். இந்த ஊரில் வேறென்ன தெரியும்?

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. ஏலக்காய்த் தோட்டத்து மணத்துக்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது. பால் குடித்துத் தூங்கும் கைக்குழந்தையின் வாயிலிருந்து வருகிற இளஞ்சூட்டு மணம். அது மூன்றாவது கட்டையின் மேல் விழுந்திருந்த விரல் அகல விரிசலிலிருந்து வந்தது.

கூடவே ஆவி. வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

ஈரம்தான். வெறும் ஈரம்.

ஆனால் ஆவி எழ வெயில் இல்லை.

ஆழம் பார்க்க ஆள்காட்டி விரலை நுழைத்தார். சூடு. வழவழப்பு. விரிசல் மூடிக்கொண்டது. வலிக்கவில்லை. மெதுவாக, பொறுமையாக, உறிஞ்சியது.

"சுருளியம்மா... இங்க வா."

அவள் இருபதடி தள்ளிக் குடத்தோடு நின்றாள். வரவில்லை. அவள் பார்வை அவர்மேல் இல்லை, பெட்டிமேல் இருந்தது. அவரும் திரும்பினார்.

மற்றப் பதினொரு கட்டைகளிலும் உறைபனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், திறந்தன.