எடுக்கக் கூடாத அழைப்பு

செவ்வாய், மாலை 4.00. கரங்கான் தோட்டத்து முருகன் கோவிலைத் திறந்த காவலாளி முனியாண்டி, வெள்ளி வேல் இல்லாததைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று அவரிடம், மற்றது செயலாளர் லோகேந்திரனிடம். அவன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணமுள்ள அலோர் ஸ்டார் நகரில் இருந்து கைப்பேசிச் செயலிகள் உருவாக்குகிறவன். ஏழை சொல் அம்பலம் ஏறாது. லாக்கப் ஏறியவர் முனியாண்டிதான்.

வியாழன், காலை 9.30. போலீஸ் சார்ஜன் வாசுகிக்கு முழங்கால் வலி. இந்த நாற்காலியில் எத்தனை கிழவர்களைப் பார்த்தாயிற்று என்று அலுத்துப்போயிருந்தது.

"முப்பது வருசம் அந்தக் கோவிலைக் கூட்டினேன் மேடம். திருடன்னு பேரோட சாகணுமா?"

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு என்ன செஞ்சீங்க?"

"பூட்டிட்டு, செயலாளருக்கு ஒரு மிஸ் கால் குடுத்துட்டு சாப்பிடப் போனேன். மிஸ் கால் வந்தா பூட்டியாச்சுன்னு அர்த்தம். நாலு வருசமா அப்படித்தான்லா. அன்னைக்கு ஒரே ரிங்லே எடுத்துட்டாரு. டாப்-அப் காசு போச்சு. அன்னைக்கே சொன்னேனே மேடம்."

"என்ன பேசினாரு?"

"'வீட்லதான் இருக்கேண்ணே, அப்புறம் பேசுறேன்'னாரு. அங்க மழையான்னு கேட்டேன். பதிலே இல்ல, நானே வெச்சிட்டேன்."

வாசுகி எழுதுவதை நிறுத்தினாள். பிறகு தலைமையகத்தின் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டுச் சில விவரங்கள் கேட்டாள்.

பிற்பகல் 2.30. லோகேந்திரன் நிதானமாக வந்து உட்கார்ந்தான்.

"3.05க்கு என் போன் அலோர் ஸ்டார்ல. டவர் ரெக்கார்ட் இருக்கு. அவர்கிட்ட பேசியும் இருக்கேன். நாலு மணிக்குள்ள கரங்கானுக்குப் பறந்தா வந்தேன்?"

"போனை மேசையில வைங்க தம்பி. தொடாதீங்க."

ஆதார உறையிலிருந்த முனியாண்டியின் பழைய போனை, பக்கத்தில் நிறுத்தியிருந்த அவரிடமே கொடுத்தாள். "ஒரு மிஸ் கால் குடுங்கண்ணே."

மணி ஒருமுறை அடித்தது. மேசையிலிருந்த போன் தானாகவே அழைப்பை எடுத்தது. ஸ்பீக்கரில் கிழவரின் மூச்சு மட்டும் கேட்டது.

லோகேந்திரன் முகம் வெளுத்தது.

"நீங்க எழுதின ஆப். அனுமதி குடுத்தா இவர் நம்பருக்கு மட்டும் அதுவே போனை எடுக்கும். ஆனா தன் குரலை லைனுக்குள்ள விட இந்தப் போன் சம்மதிக்காதாம். அதனால வீட்டுல இதுக்குப் பக்கத்துல இன்னொரு போனை வெச்சு, பதிவு பண்ணின குரலை ஓட விட்டுட்டு, நீங்க உங்க சாவியோட கோவிலுக்கு வந்துட்டீங்க. இன்னைக்கு அது பக்கத்துல இல்ல."

"கால் எடுக்கிறது தப்பா?"

"இந்தத் தோட்டத்துல மிஸ் காலை எவனும் எடுக்க மாட்டான். அடிக்கிறவர் காசு போகும். நீங்களும் நாலு வருசம் எடுக்கல. எடுக்காட்டி பேசினதா ரெக்கார்ட் வராதேன்னு அன்னைக்கு எடுக்க வெச்சீங்க. அப்புறம் அவர் போன் எங்க உறைக்குள்ள கிடந்துச்சு. அதுலேர்ந்து மறுபடி கால் வரல, நீங்களும் ஆப்பை அணைக்க மறந்துட்டீங்க. வேல் எங்கே?"

அவன் தலை குனிந்தான். "கார்லதான். பழைய வெள்ளின்னு ஒருத்தர் கேட்டாரு."

வாசுகிக்கு மகிழ்ச்சி வரவில்லை. டாப்-அப் போச்சு என்று கிழவர் செவ்வாய்க்கிழமையே புலம்பியிருந்தார். அற்பப் புலம்பல் என்று அவள்தான் எழுதிக்கொள்ளவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே."

முனியாண்டி இன்னும் போனைக் காதில் வைத்திருந்தார். "பரவால்ல மேடம். இதை வெச்சிடவா? காசு போய்க்கிட்டே இருக்கு."