வாசலில் கவிழ்த்த பானை

வாசலைத் தாண்டும்போது மண்ணுக்கடியில் யாரோ சுரண்டினார்கள்.

மினே தூக்கிய காலோடு நின்றாள். எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தரையைத் தோண்டி மேலே புல் வேய்ந்த குழிவீட்டுக்குள் புகை கூரைப் புல்லிலெல்லாம் ஊறிக் கிடக்க, தொங்கவிட்ட சால்மன் மீனிலிருந்து எண்ணெய் சொட்டி நெருப்பில் கருகும் வாடையும், கசப்புப் போக ஊறவைத்த காட்டுக் கொட்டையின் புளித்த வாடையும் சேர்ந்து குமட்டின. வெளியே மலை முழுக்க இலை உதிரும் சத்தம் ஓயவே இல்லை. அதற்கு நடுவிலும் சுரண்டல் தனியாகக் கேட்டது.

சுரண்டல் கேட்ட இடத்தில் புதைந்திருந்தது அவள் பானை. கயிற்றை உருட்டிப் பதித்து, விளிம்பை நெருப்பு எழும்புவதுபோல் வளைத்து, அவளே சுட்டது. போன இலையுதிர் காலத்தில் மூச்சில்லாமல் பிறந்த மகனை அதில் வைத்து வாசலில் கவிழ்த்துப் புதைத்தார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். தாய் தினமும் தாண்டத் தாண்ட, கவிழ்த்ததால் மேலே வந்த அடிப்பக்கத்தில் போட்ட ஓட்டை வழியாகப் பிள்ளை ஏறி அவள் வயிற்றுக்கே திரும்பிவிடும். திரும்பியும் விட்டான். இப்போது நிறைமாதம். இந்தத் தடவையாவது தங்கிவிடு என்று வயிற்றைத் தடவித் தடவி அவள் கெஞ்சாத நாளில்லை.

அப்படியானால் கீழே யார்?

கணவன் மீன் பிடிக்க ஆற்றுக்குப் போயிருந்தான். அவன் தங்கை ஒகிசு வெளியே கல்லில் கொட்டை அரைத்துக்கொண்டிருந்தாள். மினே சுற்றி வளைத்து, ஓட்டை போடும்போது பானை விரிசல் விடவில்லையே என்று கேட்டாள். வாயாடி ஒகிசு, அண்ணிக்கு நிறைமாதக் கிறக்கம் மூளைக்கு ஏறிவிட்டது என்று கேலி செய்தாள்.

"ஓட்டைய நீங்க போட்டுத்தான குடுத்தீங்க? நான் புள்ளைய வச்சுக் கவுத்ததோட சரி."

"நான் போடலடி. அன்னைக்கு எனக்கு எந்திரிக்கவே தெம்பில்ல. நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"அடியில மண்ணு அப்பியிருந்துச்சு அண்ணி. நான் சரியாப் பாக்கல."

அரைக்கும் சத்தம் நின்றுபோனது.

மினே மான்கொம்பை எடுத்து வாசலைத் தோண்டினாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளை இருட்டில் முட்டி முட்டித் தவிக்க, தலைக்கு மேலேயே நடந்திருக்கிறாள். பானையின் அடிப்பக்கம் தெரிந்தது. மண்ணைத் துடைத்தாள். வழவழவென்று இருந்தது. ஓட்டை இல்லை.

சுரண்டல் நின்றது. உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"அம்மா வந்துட்டேன்டா," என்றாள்.

கல்லால் அடித்தாள். இன்னொரு அடி. ஓடு உடைந்து உள்ளே விழுந்தது. ஈர மண் வாடை. அப்புறம் ஒரு விரல். கொட்டையளவு நுனி. பக்கத்தில் இன்னொன்று. காற்றில் துழாவின. அவளைத் தேடின.

ஒகிசு தூரத்தில் ஓடும் சத்தம் கேட்டது. மினேவுக்குப் பயம் வரவில்லை. அழுகை வந்தது. அந்த விரல்களைத் தொடக் குனிந்தாள்.

மகன் இங்கே, மண்ணுக்குள். அப்போது வயிற்றுக்குள் இருந்தது அசைந்தது.

உதைக்கவில்லை. வாசலில் துழாவும் விரல்களைவிட்டு விலகுவதுபோல் மேலே ஏறியது. மெதுவாக. குடலை ஒதுக்கிக்கொண்டு. விலா எலும்பை உள்ளிருந்து பற்றியது. ஒரு விரல். அடுத்த விரல்.

ஐந்தோடு நிற்கவில்லை.